பொதி பெறும் ட்ரைவரும் கேஷ் மிஸ்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பேர் கூடி லினக்ஸ் கேர்னல் படிக்கிறோம். வந்தாறுமூலை கம்பஸ் பிள்ளைகள், ஒலுவிலில் இருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், கல்முனையில் இணைய இணைப்புக் கொடுக்கும் வேலை செய்கிற இரண்டு பேர் என்று கலவையான கூட்டம். நெட்வொர்க் ட்ரைவர், அதாவது நெட்வொர்க் கார்டை இயக்கும் கேர்னல் பகுதி, அந்தப் பாடத்துக்கு வந்த நாளில் இருந்து ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆளுக்கு ஆள் வாட்ஸ்அப்பில் பதில் எழுதியதை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். கீழே பொதி என்று வரும் இடமெல்லாம் பாக்கெட் என்று வாசியுங்கள்.

அண்ணே, கேஷ் மிஸ் எண்டா என்ன? புத்தகத்தில பதுக்கு நினைவகம் எண்டு கிடக்கு, அதுவா?

அதேதான். உயர்தரத்தில் பதுக்கு நினைவகம் என்று படித்ததைத்தான் எல்லாரும் கேஷ் என்கிறோம். சிபியு கேட்கும் முகவரி எல்1 கேஷில் இருந்தால் நாலைந்து கடிகாரச் சுழற்சியில் கைக்கு வந்துவிடும். அங்கே இல்லாவிட்டால் எல்2, பிறகு எல்3, கடைசியில் ராம். ராம் வரை போய்வர ஏறத்தாழ 60 முதல் 100 நானோசெக்கன் பிடிக்கும். அப்படிப் போக வேண்டி வருவதுதான் கேஷ் மிஸ். நீங்கள் கேட்டது ஒரே ஒரு பைட் என்றாலும் ஒரு முழு கேஷ் வரி வரும். இன்றைய பெரும்பாலான சிபியுக்களில் ஒரு வரி 64 பைட்.

மண்முனைத் துறையில் பாலம் 2014 இல்தான் வந்தது. அதற்கு முன் கொக்கட்டிச்சோலையில் இருந்து ஒரு சாமான் வர வேண்டும் என்றால் பாதை (ஆட்களையும் சாமானையும் ஏற்றி வரும் மிதவைக்கு இங்கே அதுதான் பெயர்) வாவியைக் கடந்து வரும்வரை இக்கரையில் நிற்க வேண்டும். வீட்டு அலுமாரியில் இருந்து எடுப்பதற்கும் பாதைக்குக் காத்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் எல்1 இற்கும் ராமுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு தேங்காய்க்குச் சொல்லி அனுப்பினாலும் பாதை முழுவதும்தான் கடந்து வரும். கேஷ் வரியும் அப்படித்தான். இந்தப் பாதைக் கதை கீழேயும் வரும், மனதில் வைத்திருங்கள்.

3 கிகாஹேர்ட்ஸ் சிபியு இருக்கே, ஒரு பொதிக்கு ரெண்டு மூணு மிஸ் வந்தா என்ன குறைஞ்சு போகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மிகச் சிறிய ஈதர்நெட் சட்டகம் 64 பைட். அதற்கு முன்னால் போகும் 8 பைட்டையும் இடைவெளி 12 பைட்டையும் சேர்த்தால் கம்பியில் 84 பைட். 10 கிகாபிட் இணைப்பில் அது கடந்து போக 67.2 நானோசெக்கன்தான். செக்கனுக்கு 1 கோடியே 48 இலட்சத்துக்கும் மேல் பொதிகள். உங்கள் 3 கிகாஹேர்ட்ஸ் சிபியுவுக்கு ஒரு பொதிக்குக் கிடைப்பது சுமார் 200 சுழற்சி. ராம் வரை போகும் ஒரே ஒரு மிஸ் அந்த நேரம் முழுவதையும் விழுங்கிவிடும், சில வேளை அதற்கு மேலும்.

பெரிய பொதி என்றால் நிலைமை இலகு. 1518 பைட் சட்டகத்துக்கு 1230 நானோசெக்கன் வரை கிடைக்கும், அதில் பத்து மிஸ்ஸைத் தாங்கலாம். 1 கிகாபிட் இணைப்பில் சிறிய பொதிக்கும் 672 நானோசெக்கன் உண்டு. ஆகவே உங்கள் இணைப்பு எது, வரும் பொதிகள் எந்த அளவு என்று முதலில் பாருங்கள். வீடியோ பார்க்கும் ஆட்களுக்கு மட்டும் வழி கொடுக்கும் பெட்டியில் இந்தப் பக்கத்தில் உள்ளதில் பாதி தேவைப்படாது.

ஒரு பொதி வந்து சேர்ற வழியில எங்கெங்க மிஸ் வருது? ஒருக்கா வரிசையாச் சொல்லுங்க.

ட்ரைவரும் கார்டும் பேசிக்கொள்வது ரிங் என்ற வட்ட வரிசை மூலம். அதன் ஒவ்வொரு கட்டமும் ஒரு டிஸ்கிரிப்டர். பொதி வந்ததும் கார்டு டேட்டாவை பஃபருக்குள், அதாவது அதற்கென ஒதுக்கிய நினைவக இடத்துக்குள், டிஎம்ஏ மூலம் (சிபியு கை வைக்காமல் தானே நேராக) எழுதி, டிஸ்கிரிப்டரில் 'முடிந்தது' என்ற பிட்டைப் போடும். ட்ரைவர் வந்து அந்த பிட்டைப் படிக்கும்போது முதல் மிஸ். கார்டு இப்போதுதான் எழுதிய வரி அல்லவா அது. இன்டெல் 82599 போன்ற கார்டுகளில் டிஸ்கிரிப்டர் 16 பைட் என்பதால் ஒரு வரிக்குள் நாலு அடங்கும். நாலு பொதியும் சேர்ந்து வந்திருந்தால் ஒரு மிஸ்ஸை நாலு பேர் பங்குபோட்டுக் கொள்வார்கள்.

அடுத்தது ட்ரைவரின் சொந்தக் கணக்கு, அதாவது எந்தக் கட்டத்துக்கு எந்த பஃபர் என்ற அட்டவணை. இது வரிசையாகப் படிக்கப்படுவதால் சிபியுவின் வன்பொருள் தானாகவே முன்கூட்டி எடுத்துவிடும், பெரிய தொல்லை இல்லை. பிறகு எஸ்கேபஃப், கேர்னல் ஒவ்வொரு பொதிக்கும் வைத்திருக்கும் அடையாள அட்டை. 64 பிட் கேர்னலில் அது 200 பைட்டுக்கு மேல், நாலு கேஷ் வரி. ஒவ்வொரு பொதிக்கும் அதன் பெரும்பகுதியைப் பூச்சியமாக்கி எழுத வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது பொதியின் தலைப்பைத் தொடும் அந்த முதல் தடவை. ஈத்_டைப்_ட்ரான்ஸ் என்ற ஒரு சின்னச் செயல்கூறு ஈதர்நெட் தலைப்பைப் படித்து, இது ஐபியா ஏஆர்பியா என்று சொல்லும். அதற்குள் சில வரி நிரல்தான் இருக்கிறது. ஆனால் பெர்ஃப் என்ற அளவிடும் கருவியில் அது மேலே வந்து நிற்பதைப் பார்த்து வகுப்பில் எல்லாரும் திகைத்தோம். அதில் கடினமான வேலை எதுவும் இல்லை. பொதியின் டேட்டாவை முதலில் கேட்கும் ஆள் அது என்பதால் காத்திருப்பு முழுவதும் அதன் கணக்கில் விழுகிறது. பஃபர்கள் வெவ்வேறு நினைவகப் பக்கங்களில் (பேஜ்) கிடப்பதால் வன்பொருளாலும் அடுத்தது எங்கே என்று ஊகிக்க முடியாது.

கார்டே டேட்டாவக் கொண்டுவந்து வைக்குதே, பிறகேன் அது கேஷில இல்ல?

கார்டு எழுதுவது ராமுக்குள். சிபியுவின் கேஷில் அதே முகவரியின் பழைய பிரதி கிடந்தால் அது செல்லாது என்று அடிக்கப்படும். ஆகவே அடுத்த தடவை சிபியு கேட்கும்போது மிஸ் கட்டாயம். 2012 இல் ஸியோன் இ5 சிபியுக்களோடு இன்டெல் டிடிஐஓ என்ற வசதியைக் கொண்டுவந்தது. அதில் கார்டு நேரே எல்3 கேஷுக்குள் எழுதும், ராம் வரை போகத் தேவையில்லை. ஆனாலும் எல்3 இல் இருந்து எல்1 இற்கு வர நாற்பது சுழற்சிக்கு மேல் ஆகும். போதாததற்கு, இப்படி எழுத எல்3 இன் ஒரு சிறு பகுதிதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் வீட்டு மேசைக் கணினியில் இந்த வசதி இருக்கும் என்று எண்ணி அளக்க வேண்டாம். சேர்வரில் அளந்ததையும் வீட்டில் அளந்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் குழம்புகிற ஆட்களை ஒவ்வொரு மாதமும் காண்கிறேன்.

அப்ப ப்ரிஃபெட்ச் ஒரு வரி போட்டா வேலை முடிஞ்சுதானே?

ப்ரிஃபெட்ச் என்றால் 'இந்த வரி எனக்குப் பிறகு தேவைப்படும், இப்போதே கொண்டு வா' என்று சிபியுவிடம் சொல்லி வைப்பது. அதற்காக சிபியு நின்று காத்திருக்காது. இருட்டோடு போன் எடுத்துச் சொல்லிவைத்தால் சாமான் முதல் பாதையிலேயே ஏறிவிடும், நீங்கள் துறைக்குப் போகும்போது அது கரையில் இருக்கும். பாதை போய்வர அதே நேரம்தான். நீங்கள் நின்று வீணாக்கிய நேரத்தில் வேறு வேலை பார்த்திருப்பீர்கள்.

எல்லாம் சொல்லும் நேரத்தில் இருக்கிறது. தலைப்பைப் படிப்பதற்கு முந்திய வரியில் ப்ரிஃபெட்ச் போட்டால் துறைக்குப் போய் நின்றுகொண்டு போன் எடுத்த கதைதான், ஒன்றும் மிஞ்சாது. டிஸ்கிரிப்டரில் இருந்து பஃபர் எது என்று தெரிந்த உடனே போட வேண்டும். பிறகு எஸ்கேபஃப் ஒதுக்குவது, நீளத்தைப் பதிவது, செக்சம் (பிழை சரிபார்க்கும் எண்) நிலையைப் பார்ப்பது எல்லாவற்றையும் செய்து, தலைப்பைத் தொடும் வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பல ட்ரைவர்களில் நீங்கள் காணும் ஒழுங்கு இதுதான்.

எத்தனை வரி கேட்பது என்றும் கேட்பீர்கள். ஈதர்நெட் 14, ஐபி 20, டிசிபி 20 என்று கூட்டினால் 54 பைட், ஒரு வரிக்குள் அடங்கும். டிசிபி நேரமுத்திரை 12 பைட் சேர்ந்தால் 66. ஐபிவி6 தலைப்பு மட்டும் 40 பைட். இதனால்தான் கேர்னலில் உள்ள நெட்_ப்ரிஃபெட்ச் என்ற உதவிச் செயல்கூறு, கேஷ் வரி 128 பைட்டுக்குக் குறைந்த சிபியுக்களில் இரண்டு வரிகளைக் கேட்கிறது. சொந்தமாக எழுதாமல் அதையே பயன்படுத்துங்கள்.

நான் எல்லா இடத்திலயும் ப்ரிஃபெட்ச் போட்டன் சேர், வேகம் குறைஞ்சு போச்சு. ஏன்?

எல்லா இடத்திலும் போட்டதால். ஒரு வரி கொண்டுவரும்போது வேறொரு வரி வெளியே போகும். தேவையில்லாததை அழைத்தால் தேவையானது போய்விடும். ஏற்கெனவே கேஷில் இருப்பதற்குப் போட்டால் அந்தக் கட்டளைக்கான செலவுதான் மிச்சம்.

கேர்னல் எழுதுபவர்களே இதை அனுபவித்திருக்கிறார்கள். இணைப்புப் பட்டியல்களில் நடக்கும் பொது மாக்ரோக்களுக்குள் பல காலம் ப்ரிஃபெட்ச் இருந்தது. நன்மையை விடத் தீமை கூட என்று கண்டு 2011 இல் அதை எடுத்துவிட்டார்கள். பட்டியல் முடிவில் வெற்றுச் சுட்டிக்குப் போட்ட ப்ரிஃபெட்ச்கூடச் செலவு வைத்தது. எங்கள் வகுப்பு ட்ரைவரில் நானும் முதலில் ஆறு இடத்தில் போட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து அளந்த பிறகு மிஞ்சியது ஒன்று.

எஸ்கேபஃப்ப ரிங் நிரப்பேக்கயே ஒதுக்கி வச்சா, பொதி வந்த நேரம் வேலை குறையாதா?

பழைய ட்ரைவர்கள் அப்படித்தான் செய்தன. ஆனால் நிரப்பிய நேரத்துக்கும் பொதி வந்து சேரும் நேரத்துக்கும் இடையில் ரிங் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருக்கும். ஒதுக்கும்போது துடைத்த அந்த நாலு வரிகளும் அதற்குள் கேஷை விட்டு வெளியேறியிருக்கும். எடுக்கும்போது திரும்பவும் மிஸ். ஒரே அட்டைக்கு இரண்டு தடவை செலவு.

இதற்காக எரிக் டுமாஸே 2011 இல் பில்ட்_எஸ்கேபி என்ற செயல்கூற்றைக் கொண்டுவந்தார். ரிங்கில் வெறும் டேட்டா பஃபர் மட்டும் இருக்கும். பொதி வந்த பிறகு எஸ்கேபஃப்பை ஒதுக்கி அந்த பஃபரைச் சுற்றிக் கட்டுவார்கள். துடைத்த சூட்டோடு ஸ்டாக், அதாவது பொதியை மேலே கையாளும் கேர்னல் பகுதி, அதைப் பயன்படுத்துகிறது. வேலையை முன்கூட்டிச் செய்து வைப்பது எப்போதும் நல்லது என்று வீட்டில் சொல்லித் தந்தது கேஷ் விஷயத்தில் பொருந்தாது. தேவைப்படும் நேரத்துக்கு மிக அருகில் செய்வதே இங்கே இலாபம்.

சின்னப் பொதியக் கொப்பி பண்ணினா நல்லம் எண்டு சொல்றாங்க. கொப்பி எண்டா மெதுவாகுமே?

தலைப்பைப் படிக்க எப்படியும் அந்த வரிகளைக் கேஷுக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. 100 பைட் பொதி என்றால் இரண்டு வரி. கேஷில் இருக்கும் இரண்டு வரியை வேறிடத்தில் எழுதுவது மிக மலிவு. அதற்குப் பதிலாக, பெரிய பஃபரைக் கையோடு ரிங்குக்குத் திருப்பிக் கொடுக்கலாம், புதிதாக ஒதுக்கி டிஎம்ஏ முகவரி வாங்கும் வேலை மிச்சம். இதற்குக் கொப்பிபிரேக் என்று பெயர். பல ட்ரைவர்களில் எல்லை 256 பைட். அதற்கு மேல் போனால் கொப்பிக்காகவே புது வரிகளைத் தொட வேண்டி வரும், இலாபம் கரையும்.

பேஜ் பூல் எண்டு புது ட்ரைவர் எல்லாத்திலயும் கிடக்கு, அதுக்கும் கேஷுக்கும் என்ன சம்பந்தம்?

பொதி ஒவ்வொன்றுக்கும் கேர்னலின் பொது ஒதுக்கியிடம் பக்கம் கேட்டால், கிடைப்பது நெடுநாள் யாரும் தொடாத குளிர்ந்த பக்கமாக இருக்கலாம். அதன் கணக்குப் பதிவையும் சிபியுவின் வேறு கோர்கள் தொட்டிருக்கும். பழைய இன்டெல் ட்ரைவர்கள் 4 கிலோபைட் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி வெளியே இருக்கும்போது மற்றப் பாதியைக் கார்டுக்குக் கொடுத்துச் சமாளித்தன. ஒவ்வொரு ட்ரைவரும் அந்தத் தந்திரத்தைத் தனித்தனியே எழுதியது. 2018 இல் லினக்ஸ் 4.18 ஓடு ஜெஸ்பர் பிரவர் எழுதிய பேஜ் பூல் அதைப் பொதுவாக்கியது. ஒரே கோரில் சுற்றும் பக்கங்கள், பூட்டு இல்லாமல், டிஎம்ஏ முகவரியோடு திரும்பி வருகின்றன. புதிதாக ட்ரைவர் எழுதுகிறீர்கள் என்றால் இதையே எடுங்கள்.

ரிங்க 4096 ஆக்கினா ட்ரொப் நிக்கும் எண்டு எங்கட இடத்தில எல்லாரும் ஆக்கி வச்சிருக்காங்க. சரிதானா?

கல்முனை நண்பர் கேட்டது. ட்ரொப் என்றால் இடம் இல்லாமல் பொதி விடுபட்டுப் போவது. திடீர் வெள்ளம் மாதிரி வந்து அடங்கும் போக்குவரத்துக்கு அது உதவும். ஆனால் 4096 கட்டத்துக்கு ஒவ்வொன்றும் 2 கிலோபைட் என்றால் 8 மெகாபைட். ரிங் சுற்றி வரும்போது ஒவ்வொரு பஃபரும் கடைசியாகத் தொட்டு 8 மெகாபைட் தள்ளிப் போயிருக்கும், எல்2 இல் எதுவும் மிஞ்சாது. டிடிஐஓ உள்ள சேர்வரில் கார்டு எழுதியதை சிபியு படிக்கும் முன்னரே அடுத்த பொதிகள் வெளியே தள்ளிவிடும். மேலே சொன்ன அந்தச் சிறு ஒதுக்கீடு நினைவிருக்கிறதா, அது நிரம்பி வழிகிறது.

சிபியு சராசரியாகவே பின்தங்கி இருந்தால் பெரிய ரிங் ட்ரொப்பைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவுதான், தாமதமும் கூடும். கார்டின் அமைப்பை மாற்றும் எத்டூல் கருவியில் 512 இல் தொடங்கி, கார்டின் தவறவிட்ட பொதி எண்ணிக்கையைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

ரெண்டு கோர் போட்டா ரெண்டு மடங்கு வரணுமே, ஏன் வரல்ல?

இரண்டு கோரும் ஒரே கேஷ் வரியில் எழுதுகின்றனவா என்று பாருங்கள். எண்ணிக்கைகள் வேறு வேறாக இருக்கலாம், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் ஒரே 64 பைட்டுக்குள் கிடந்தால் ஒன்று எழுதும் ஒவ்வொரு தடவையும் மற்றதன் பிரதி செல்லாமல் போகும். பொதி எண்ணிக்கைக் கணக்கு இதில் வழமையான குற்றவாளி. ஒவ்வொரு ரிங்கின் கட்டமைப்பையும் கேஷ் வரி எல்லையில் தொடங்கச் செய்யுங்கள். படிக்க மட்டும் உள்ளதை ஒரு பக்கமும் அடிக்கடி எழுதுவதை மறு பக்கமும் பிரியுங்கள். பஹோல் என்ற கருவி எந்த உறுப்பு எந்த வரியில் என்று காட்டும்.

பொதியை ஒரு கோர் எடுத்து, அதைப் பெறும் செயலி (அப்) வேறொரு கோரில் ஓடினாலும் அதே கதை. 2010 இல் லினக்ஸ் 2.6.35 இல் வந்த ஆர்எஃப்எஸ், செயலி ஓடும் கோரிலேயே அதன் பொதிகளைச் செயற்படுத்தப் பார்க்கிறது.

என்ட சின்ன ரவுட்டர்லயும் இதெல்லாம் சரிவருமா?

வரும், ஆனால் முக்கியத்துவம் மாறும். எம்ஐபிஎஸ் 24கே கோர் உள்ள ரவுட்டர்களில் கேஷ் வரி 32 பைட். கார்டு எழுதியது சிபியுவுக்குத் தானாகத் தெரியவராது. பஃபரின் வரிகளைச் செல்லாதாக்கும் வேலையை மென்பொருளே செய்ய வேண்டும். 2048 பைட் பஃபர் முழுவதையும் செல்லாதாக்கினால் 64 தடவை அந்தக் கட்டளை. வந்த பொதி 64 பைட்தான் என்றால் இரண்டு தடவை போதும். ஆகவே டிஎம்ஏ ஒத்திசைவு எனப்படும் இந்த வேலையை வந்த நீளத்துக்கு மட்டும் செய்யுங்கள். அப்புறம், ஒத்திசைவுக்கு முன் ப்ரிஃபெட்ச் போட்டால் கொண்டுவந்த வரி உடனே செல்லாததாகிவிடும், முழு வீண். பின்னால் போடுங்கள்.

பெர்ஃபில எந்த எண்ணப் பாக்கணும்?

வேறொரு கணினியில் இருந்து பிகேடிஜென் என்ற பொதி உற்பத்திக் கருவி மூலம் ஒரே அளவுப் பொதிகளை அனுப்புங்கள். பெறும் பக்கத்தில் ஒரு கோரை மட்டும் வேலை செய்ய விட்டு, பெர்ஃப் ஸ்டாட்டில் சுழற்சி, கட்டளை, கேஷ் மிஸ் மூன்றையும் எடுத்துப் பொதி எண்ணிக்கையால் பிரியுங்கள். ஒரு பொதிக்கு எத்தனை மிஸ் என்ற எண்தான் வேண்டும். மொத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பெர்ஃப் ரெக்கோர்டில், காத்திருந்த கட்டளைக்குப் பதிலாக அதற்கு அடுத்த கட்டளையின் மேல் பழி விழும். துல்லிய மாதிரியைக் கேட்டு எடுங்கள். கோர்களுக்கு இடையே வரி இழுபடுகிறதா என்று பார்க்க பெர்ஃப் சி2சி இருக்கிறது. வேர்ச்சுவல் மெஷினுக்குள் இந்த எண்ணிகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை, உண்மையான இயந்திரத்தில் அளவுங்கள்.

ஒரு பொதிக்கு ப்ரிஃபெட்ச் போட்டு, அதே பொதியப் பாக்கிறதுக்கு இடையில வேலை காணாதே. பிறகு என்ன செய்யிற?

இதைக் கேட்டவருக்குப் பாடம் விளங்கிவிட்டது என்று அர்த்தம். பில்ட்_எஸ்கேபி வந்த பிறகு இடையில் உள்ள வேலை இன்னும் குறைவு, 80 நானோசெக்கனை மறைக்க அது போதாது. வழி, பொதிகளைத் தொகுதியாக எடுப்பது. பொதிகளை எடுக்க ட்ரைவரை அழைக்கும் கேர்னல் வசதியான நாப்பி, ஒரு தடவை அழைக்கும்போது 64 பொதி வரை எடுக்க விடுகிறது. முதல் சுற்றில் ரிங்கில் இருந்து சில டிஸ்கிரிப்டர்களை மட்டும் படித்து, ஒவ்வொன்றின் டேட்டாவுக்கும் ப்ரிஃபெட்ச் போட்டு, சுட்டிகளை ஒரு சின்ன வரிசையில் வையுங்கள். இரண்டாம் சுற்றில் முதலாவதில் இருந்து தலைப்பைத் தொடுங்கள். முதலாவதைப் பார்த்து முடிப்பதற்குள் மற்றவை வந்துகொண்டிருக்கும். அதே தொகுதியைப் பட்டியலாகவே ஸ்டாக்குக்குக் கொடுக்கும் வழியும் 2018 இல் லினக்ஸ் 4.19 இல் வந்தது. ஒரே கட்டளைகளைப் பல பொதிக்கு அடுத்தடுத்து ஓட்டுவதால் கட்டளைக் கேஷும் சூடாகவே இருக்கும்.

தொகுதியை எவ்வளவு பெரிதாக்குவது என்பதற்கு வன்பொருளில் எல்லை உண்டு. பல இன்டெல் கோர்களில் எல்1 ஒரே நேரத்தில் வெளியே கேட்டுக் காத்திருக்கக்கூடிய வரிகள் பத்துப் பன்னிரண்டுதான். அதற்கு மேல் கேட்டால் வரிசையில் நிற்கும். பொதிக்கு ஒரு வரி என்றால் எட்டுப் பொதி, நெட்_ப்ரிஃபெட்ச் மாதிரி இரண்டு வரி என்றால் நாலு பொதி என்று தொடங்குங்கள். எங்கள் வகுப்பு ட்ரைவரில் இப்போது நாலு வைத்திருக்கிறோம். அடுத்த சனிக்கிழமை ஐந்து, ஆறு என்று கூட்டி ஒரு பொதிக்கான மிஸ் எண்ணிக்கையைத் திரும்ப எடுப்போம். ஒலுவில் பிள்ளைகள் அந்த 10 கிகாபிட் கார்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.